இழுத்தால் நிரம்பும் கட்டங்கள்

ஜூன் 2, திங்கள்

காலையில் ரவை உப்புமா. ஆறிப்போய், கரண்டியின் வடிவத்திலேயே தட்டில் உட்கார்ந்திருந்தது. எதிரே இருந்தவர் பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் அலசி, அந்தத் தண்ணீரையே குடித்தார். நான் பாதியில் எழுந்துவிட்டேன். கை கழுவும் தொட்டியில் யாரோ காறித் துப்பியது அப்படியே கிடந்தது.

‘மாலை நிழல்’ இல்லத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வடவள்ளியைத் தாண்டி, மருதமலை கண்ணில் படும் இடம். மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் அப்பா என்று சொல்லித்தான் உமையாள் சேர்த்துவிட்டுப் புனேவுக்குத் திரும்பினாள். மலை இருக்கிறது. எனக்கும் அதற்கும் நடுவே சமையலறைக் குப்பைத்தொட்டியும் இருக்கிறது.

மதியம் நிர்வாகி கோகுல்நாத் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கணக்கெழுதிய பெண் கல்யாணத்துக்குப் போனவள் திரும்பவில்லையாம். காரைக்குடி அரசுக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் நீங்கள், கணினியில் தாள்களை நிரப்பித் தர முடியுமா என்றார். நான் பாடம் நடத்தியது சுண்ணக்கட்டியால், கடைசி சில வருடம் மதிப்பெண் ஏற்ற மட்டும் கணினியைத் தொட்டிருக்கிறேன், தப்பாகப் போய்விடுமோ என்று பயம் என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் பிரமாதமில்லீங்க சார். சுருக்கு வழி தெரிஞ்சாப் போதும்” என்றார். அங்கே மின்விசிறி நன்றாக ஓடுகிறது. காபியும் தனியாக வருகிறது. ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

கணினிக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, மேலே ‘நேரத்தை மிச்சப்படுத்துங்கள்’ என்ற தலைப்பு. மனத்தில் பதிவதற்காக இங்கே எழுதிக்கொள்கிறேன். கன்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் இன்றைய தேதி தானே விழுகிறது. கன்ட்ரோல், டி என்றால் மேல் கட்டத்தில் இருப்பது கீழ்க் கட்டத்துக்கு இறங்குகிறது. எஃப் இரண்டு, கட்டத்துக்குள் போய்த் திருத்த. ஆல்ட்டும் சமக்குறியும், கூட்டல். கன்ட்ரோல், இசட் என்றால் செய்தது செய்யாததாகிவிடுகிறது. இந்தக் கடைசி விசைதான் எனக்குப் பிடித்தது. வெட்கமில்லாமல் பதினைந்து தடவை அழுத்தியிருப்பேன்.

விசைப்பலகையின் இடுக்குகளில் முறுக்குத் தூளும் தலைமுடியும். ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுத்துப்போயிற்று. இதன்மேல் விரலை வைத்துவிட்டு எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

ஜூன் 5, வியாழன்

கோகுல்நாத் இன்று இழுப்பதைக் கற்றுக்கொடுத்தார். ஒரு கட்டத்தில் ஒன்று, அதன் கீழே இரண்டு. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்துகொண்டு, மூலையில் உள்ள சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் மூன்று, நான்கு, ஐந்து என்று தானே ஓடுகிறது. முதலிரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசமோ அதே வித்தியாசத்தில் கடைசிவரை போகும். நூறு, தொண்ணூற்றேழு என்று போட்டால் தொண்ணூற்றுநான்கு வரும். “ரெண்டு எண்ணைக் கொடுத்துட்டாப் போதுமுங்க சார், மீதிய அதுவே பாத்துக்கும்” என்றார். தாம் ஒரு மாதத்து வேலையைக் காபி ஆறுவதற்குள் முடிப்பதாகவும் சொன்னார்.

சொல்லிக்கொண்டே வேறொரு தாளைத் திறந்து அதிலும் எதையோ இழுத்தார். அடுத்தவர் வேலையை எட்டிப் பார்ப்பது அநாகரிகம். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறையில் எலி செத்திருக்கிறது போலும். மாலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிறது.

ஜூன் 6, வெள்ளி

என் அறைக்கூட்டாளி நாச்சிமுத்து, பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சத்தமாக மெல்லுவார், சத்தமாகச் சிரிப்பார், தும்மும்போது கையை வைக்க மாட்டார். தலையணை உறைக்குள் தேங்காய் பர்பி ஒளித்து வைத்திருக்கிறார், அதற்கு எறும்பு வருகிறது, எறும்பு என் கட்டிலுக்கும் வருகிறது. கோடையிலும் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறார். கழற்றி நான் பார்த்ததில்லை. படித்தவர் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை, படித்தவர்களிலும் இப்படி உண்டு. ஆனாலும் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருக்கிறது.

எலி விஷயத்தைச் சொன்னேன். “எலியும் இல்ல, புலியும் இல்லீங்க வாத்தியாரே. உங்க மூக்குக்கு எல்லாமே நாத்தந்தான்” என்றார். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினேன். எலி இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு டாக்டர் வருகிறார். இருபத்திரண்டு சர்க்கரை நோயாளிகளை அரை மணி நேரத்தில் பார்த்துவிடுகிறார், பார்ப்பது செல்போனில். கோகுல்நாத் அனுப்பியிருக்கும் தாளை விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூக்குக்குள் விரல் விடுவதற்கு மட்டும் போனைக் கீழே வைக்கிறார்.

நாச்சிமுத்துவின் முறை வந்தபோது, பிரமாதமாகக் குறைந்துகொண்டு வருகிறதே என்று சொல்லி இன்சுலினைக் குறைத்தார். அடுத்தவர் காந்திமதி அம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருக்கு ஏறிக்கொண்டே போகிறதாம், மாத்திரையைக் கூட்டினார். நான் இனிப்பையே தொடுவதில்லையே டாக்டர் என்று அந்த அம்மாள் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாச்சிமுத்துவுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டிலிருந்து வந்த ஒப்பிட்டுப் போளியில் இரண்டை என் எதிரிலேயே தின்றுவிட்டு, நெய்க் கையைப் போர்வையில் துடைத்தார்.

ஜூன் 11, புதன்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப ஒவ்வொருவரின் சர்க்கரை அளவையும் வரைபடமாக்கித் தரச் சொன்னார் கோகுல்நாத். கட்டங்களைத் தேர்ந்துகொண்டு ஆல்ட்டையும் எஃப் ஒன்றையும் அழுத்தினால் போதும். வகுப்பில் ஒரு வரைபடத்துக்கு அரைமணி ஆகும் எனக்கு. இங்கே கண் சிமிட்டும் நேரம்.

தாளில் தேதிகள் மேலிருந்து கீழாக, ஆட்கள் இடமிருந்து வலமாக. நாச்சிமுத்துவின் கோட்டை முதலில் வரைந்தேன். ஏப்ரல் நடுப்பகுதி வரை மேலும் கீழுமாக ஆடிய கோடு, அதன்பின் சறுக்குமரம்போல நேராக இறங்குகிறது. அளவுகோல் வைத்து வரைந்ததுபோல இருந்தது. பார்த்ததும் ஒன்று தோன்றியது. பிறகு அதை நான் தொடரவில்லை. மருந்து ஒழுங்காக வேலை செய்தால் இப்படியும் இருக்கக்கூடும். நான் மருத்துவம் படித்தவன் அல்ல.

காந்திமதி அம்மாளின் கோடு அதே நேர்த்தியுடன் ஏறுகிறது. கோடுகளுக்குப் பச்சையும் சிவப்பும் கொடுத்தேன். கோகுல்நாத் மிகவும் பாராட்டினார்.

ஜூன் 12, வியாழன்

வரைபடங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் மின்னஞ்சலில் போயின. காபியில் ஈ.

ஜூன் 15, ஞாயிறு

அந்த நாற்றத்தைச் சகிக்க முடியவில்லை. இனிப்பும் அழுகலும் கலந்தது, பழக்கூடையின் அடியில் நசுங்கிக் கிடக்கும் கொய்யாவைப்போல. நாசித் துவாரத்தில் தைலம் தடவிக்கொண்டு படுக்கிறேன். தூக்கத்தில் தைலம் போய் நாற்றம் வருகிறது.

நாச்சிமுத்து குளியலறைக்குப் போனால் வெகுநேரம் வருவதில்லை. வந்தபின் கழிவுநீர்த் துளையில் பஞ்சும் மஞ்சளாக ஏதோவும் ஒட்டியிருக்கும். மக்கில் தண்ணீர் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டேன். வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

உமையாள் பேசினாள். அறை மாற்றிக் கேட்கலாமா என்று யோசனை கேட்டேன். கேளுங்கள், ஆனால் சண்டை போடாதீர்கள் அப்பா, அங்கே இடம் கிடைத்ததே பெரிது என்றாள். புனே வீட்டில் புதிதாக அலமாரி செய்கிறார்களாம், நான் தங்கியிருந்த அறையில். நல்லது, பொருள்கள் வெளியே கிடந்தால் தூசு படியும்.

சண்டை போடுகிற ஆள் இல்லை நான். போன மாதம் போஸ்ட்மாஸ்டர் ஒருவர் சோற்றில் புழு என்று தட்டை ஏந்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். ஒத்துவரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்று கோகுல்நாத் சிரித்த முகத்தோடு சொன்னார். அந்த வாரமே அவர் மகன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஜூன் 17, செவ்வாய்

மாடியில் தனியறை கொடுத்துவிட்டார்கள். வரைபட வேலைக்கு நன்றியாக இருக்கலாம். சன்னலைத் திறந்தால் மலை மட்டும் தெரிகிறது. ஏழெட்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தேன். பினாயில் வாசனை மட்டுமே.

பெட்டியை எடுத்துக்கொண்டு கதவுவரை வந்தபின் நாச்சிமுத்து கூப்பிட்டு, “என்ற மேல ஏதாச்சும் வருத்தமுங்களா வாத்தியாரே?” என்றார். மாடியில் காற்று வரும், எனக்கு மூச்சுத் தொந்தரவு என்றேன். எனக்கு மூச்சுத் தொந்தரவு கிடையாது.

ஜூன் 19, வியாழன்

காலைப் பிரார்த்தனையில் காந்திமதி அம்மாள் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். உடம்பு முழுக்க வியர்வை, வாயோரம் எச்சில். நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்து சர்க்கரையைக் கரைத்து வாயில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். நான் தள்ளி நின்றேன், உதவத் தெரியாதவன் குறுக்கே நிற்கக்கூடாது.

ஏறிக்கொண்டே போகிற ஒருவருக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் எப்படிப் பிழைப்பார்? நர்ஸ் கை கழுவிக்கொண்டிருந்தபோது இதைக் கேட்டேன். குழாயை மூடாமலேயே நின்றாள். பிறகு, “சார், இது சர்க்கரை தாழ்ந்து வர்ற மயக்கம். ஏறவே இல்ல. யாருக்கு ஏறுது, யாருக்கு இறங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? விரல்ல குத்தி ரத்தம் வைக்கிற பட்டையே ஏப்ரல்ல தீந்துபோச்சு. கேட்டா வரும் வரும்ங்கிறாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, எனக்கு ரெண்டு பிள்ளைங்க” என்றாள்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதும் வேகம்.

ஜூன் 20, வெள்ளி

கோகுல்நாத் டவுனுக்குப் போயிருந்தார். சர்க்கரைத் தாளைத் திறந்தேன். ஒரு நாளின் அளவிலிருந்து முந்தைய நாளின் அளவைக் கழிக்கும் சூத்திரத்தை ஒரு கட்டத்தில் எழுதி, மூலைப் புள்ளியில் இருமுறை தட்டினேன். கடைசிவரை நிரம்பிற்று.

நாச்சிமுத்துவுக்குக் கழித்தல் நான்கு, கழித்தல் நான்கு, கழித்தல் நான்கு. ஏப்ரலிலிருந்து இன்றுவரை வேறு எண்ணே இல்லை. காந்திமதி அம்மாளுக்குக் கூட்டல் ஐந்து. வேறொருவருக்கு எல்லாமே பூஜ்யம். இருபத்திரண்டு பேருக்கும் இப்படித்தான். கடைசியாக உண்மையில் எடுத்த இரண்டு நாள் அளவுகளைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார். அந்த இரண்டு நாளில் கொஞ்சம் குறைந்திருந்தவருக்கு அன்றிலிருந்து குறைந்துகொண்டே போகிறது, கொஞ்சம் கூடியிருந்தவருக்குக் கூடிக்கொண்டே போகிறது. இப்படியே விட்டால் நாச்சிமுத்து ஜூலை முடிவதற்குள் பூஜ்யத்துக்கே வந்துவிடுவார், அப்போதும் டாக்டர் பிரமாதம் என்பார்.

இழுத்த கையை நினைத்து அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் பதினோராம் தேதி அந்தக் கோட்டைப் பார்த்தவன் நான். ரத்தத்தில் எடுத்த எந்த அளவும் நேர்கோட்டில் வராது என்று முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். அதற்குப் பச்சை நிறம் கொடுத்தது யார்?

ஜூன் 21, சனி

இரண்டு வேட்டி, ஒரு துண்டு துவைத்தேன். யாரிடமும் பேசவில்லை. நாளை டாக்டர் வருகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் எழுதி, மூன்று வாக்கியமாகச் சுருக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வரிசையில் எல்லாருக்கும் பின்னால் நின்றேன்.

நாச்சிமுத்து தடியை ஊன்றி நொண்டியபடி வந்தார். கால் என்ன என்று டாக்டர் கேட்கவில்லை. நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது, காலை ஊசி இனி வேண்டாம் என்றார். அப்போது நான் முன்னால் போனேன். “டாக்டர், இந்த எண்களில் எனக்கு ஒரு சந்தேகம்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் போனிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் கோகுல்நாத் என் தோளில் கை போட்டுக்கொண்டார். “சாருக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு சந்தேகமுங்க டாக்டர். நான் சொல்லிக் கொடுத்துக்கறேன்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் முகத்தில் எச்சில்போல ஒட்டியிருக்கிறது, கழுவினாலும் போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலை பஸ்ஸில் வடவள்ளிக்குப் போய், மருந்துக்கடையில் சர்க்கரை பார்க்கும் கருவியும் பட்டைகளும் வாங்கினேன். உபயோகிக்கும் முறையைக் கடைக்காரரிடம் மறுபடி மறுபடி கேட்டேன். வீட்டில் யாருக்கு சார் என்றார். அறைக்கூட்டாளிக்கு என்றேன். இப்போது அவர் அறைக்கூட்டாளி இல்லை என்பது வெளியே வந்தபின் நினைவுக்கு வந்தது.

பழைய அறையின் கதவைத் திறந்தேன். ஒரு வாரத்தில் நாற்றம் சுவரிலேயே ஊறிவிட்டிருந்தது. நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், நான் வரைந்த பச்சைக் கோட்டை ஒட்டி வைத்திருக்கிறார். மகன் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தானாம். தினமும் பார்த்தால் தெம்பாக இருக்கிறதாம்.

ஊசியைப் பார்த்ததும் கேலி. “கணக்கு வாத்தியாரு ஊசி வாத்தியாரு ஆயிட்டீங்களா?” விரலை நீட்டினார். குத்தினேன். கருவியில் 486 என்று வந்தது. நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், நினைக்கத்தானே செய்வேன். வேறு விரலில் மறுபடி குத்தினேன். 479.

காலுறையைக் கழற்றுங்கள் என்றேன். வேண்டாமுங்க, உங்களுக்கு ஆகாது என்றார். நான் கீழே உட்கார்ந்து நானே உருட்டினேன். துணி சதையோடு ஒட்டியிருந்தது. அவர் முனகக்கூட இல்லை, அங்கே வலியே இல்லையாம், அதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். இரண்டு விரல்கள் கறுத்துச் சுருங்கி, எரிந்த திரிபோல. பாதத்துக்கு அடியில் ஒரு குழி. குழிக்குள் அசைவதுபோல இருந்தது, ஈரம்தான் பளபளத்தது என்று நினைக்கிறேன். குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு நாத்தமா இருக்குமேன்னுதானுங்க சாமி காலுறைய ரெண்டு மூணாப் போட்டுக்கிட்டேன். அப்பவும் நீங்க போயிட்டீங்க” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சர்க்கரைதான் இறங்கிவிட்டதே, புண் தானே ஆறிவிடும் என்று இருந்திருக்கிறார். என் படத்தை நம்பி இருந்திருக்கிறார்.

அவர் போனிலிருந்தே பொள்ளாச்சிக்குப் பேசினேன். மகன் வெள்ளியங்கிரி எடுத்தார். முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார். “நீங்க அனுப்புன படத்துல நூத்தி எம்பத்தி நாலுதானுங்களே காட்டுது?” என்றார். அது பொய், வரைந்தவன் நான், உடனே காரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மதியத்துக்குள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கோகுல்நாத் வாசலில் நின்று, உங்கள் அப்பாவுக்கு நாங்கள் எவ்வளவு சொன்னோம், காலைக் காட்டவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 25, புதன்

நாச்சிமுத்துவின் காலைப் பற்றி மருத்துவமனையில் விசாரித்திருக்கிறார்களாம், இல்லத்துப் பதிவுகளைக் கேட்டு சமூக நலத்துறை அதிகாரிகள் வெள்ளிக்கிழமை வரப்போகிறார்களாம். கோகுல்நாத் கதவைச் சாத்திவிட்டு எனக்குக் காபியும் முந்திரி பிஸ்கட்டும் வைத்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாயில் பான்பராக் வாசனை.

“சார், நேர்கோடு நேர்கோடா இருக்குதுன்னு யாராச்சும் சொல்லிருவாங்க. கொஞ்சம் மேல கீழ ஆடற மாதிரி மாத்திக் கொடுத்துருங்க. இயற்கையா இருக்கோணும். உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியுமே” என்றார்.

தெரியும். இரண்டு எண்களுக்கு நடுவே குலுக்கல்போல எண்களைத் தரும் சூத்திரம் ஒன்று உண்டு. அதைச் சராசரியைச் சுற்றி அமைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் தொடர்பும் வைத்து, ஒரே இழுப்பில் இரண்டரை மாதத்தையும் நிரப்பலாம். எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருடம் கற்றுக்கொடுத்ததற்கு இவ்வளவு கச்சிதமான ஒரு பயன் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “யோசிக்க என்னங்க இருக்குது? மாடி ரூம்பு சௌகரியமா இருக்குதுங்களா?” என்றார்.

பிஸ்கட்டைத் தின்றுவிட்டேன். இதை எழுதும்போது அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

உமையாளைக் கூப்பிட்டேன். இந்த இடம் ஒத்துவராமல் போனால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். அலமாரிக்காரன் வந்திருக்கிறான், பிறகு பேசுகிறேன் அப்பா என்றாள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து தாளைத் திறந்தேன். எந்த எண்ணையும் மாற்றவில்லை. அளக்காமல் போட்ட கட்டங்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் நிறம் கொடுத்தேன். தாளில் முக்கால்வாசி மஞ்சளாயிற்று. வரைபடங்களை அனுப்பிய அதே முகவரிகளுக்கு அதை இணைத்து, இப்படி எழுதினேன்: “மஞ்சள் கட்டங்களில் உள்ளவை அளந்து எழுதிய எண்கள் அல்ல. இவற்றை வைத்து நான் வரைந்து அனுப்பிய படங்களை நம்ப வேண்டாம். உங்கள் தாய் தந்தையரின் சர்க்கரையை உடனே வெளியில் பரிசோதியுங்கள். கால்களையும் பாருங்கள். சபாநாயகம், மாடி அறை.” நர்ஸின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. டாக்டரின் முகவரியையும் சேர்த்தேன். பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மறுபடி பார்த்தேன்.

கோகுல்நாத்தின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. சுட்டியை நகர்த்தி, அனுப்பும் பொத்தானைத் தேடி, தட்டுவதற்குள் மனம் மாறியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் கடிதம் போய்விடும் என்று சுவர்த்தாளில் நான் எழுதிக்கொள்ளாமல் விட்ட ஒரு வரி இருந்தது. யோசிக்க நேரம் கொடுக்காத விசை. அழுத்திவிட்டேன்.

ஜூன் 28, சனி

இரண்டு நாளாக வாசலில் கார்கள். காந்திமதி அம்மாளைத் தங்கை அழைத்துப்போனார். பட்டைகள் பெட்டிபெட்டியாக வந்து இறங்கின. ஜெசிந்தா வரிசையாகக் குத்திக்கொண்டே போகிறாள். அதிகாரிகள் கணினியையே எடுத்துப்போனார்கள். கோகுல்நாத் என்னைப் பார்த்து, “நல்லாச் சோறு போட்டேனுங்க உங்களுக்கு” என்றார். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். மாதக் கடைசி என்றால் நாளை மறுநாள். சாப்பாட்டு அறையில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. இல்லத்தை மூடிவிட்டால் தாங்கள் எங்கே போவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஜூலை 1, செவ்வாய்

நேற்றுப் பெட்டியோடு நேரே மருத்துவமனைக்கு வந்துவிட்டேன். போவதற்கு வேறு இடமும் தோன்றவில்லை. இரண்டு நாள் இங்கே துணைக்கு இருக்கிறேன், பிறகு உமையாள் பார்த்துச் சொல்லும் இடத்துக்குப் போகிறேன் என்று வெள்ளியங்கிரியிடம் சொன்னேன். அவர் என்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விரல்கள் எல்லாவற்றையும், பாதத்தில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்கால், அதையும் தாண்டியிருந்தால் உயிர் என்றார் அறுவைசிகிச்சை டாக்டர். சர்க்கரை இன்று காலை 238. நேற்று 251. முந்தாநாள் 219. ஏறுகிறது, இறங்குகிறது, எந்த ஒழுங்கும் இல்லை.

பத்து மணிக்குக் கட்டுப் பிரித்தார்கள். பொதுவார்டு முழுக்கச் சிறுநீரும் டெட்டாலும் பழைய சோறும் கலந்த வாடை. அதற்குள் இந்தக் கட்டிலின் நாற்றம் தனியாக எழுந்தது. பார்க்க முடியாதவர்கள் வெளியே நில்லுங்கள் என்றாள் சிஸ்டர். வெள்ளியங்கிரி வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். தோல் சூடாக இருந்தது.

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். “வாத்தியாரே, என்னால குனிய முடியல. பையனும் ஓடிட்டான். எப்படி இருக்குதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், “நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிராதீங்க” என்றார்.

பார்த்தேன். குதிகாலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். குதிகால் முழுசாக இருக்கிறது. அதன் முன்னால் ஒரு கையகலம் பாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தைத்த இடத்தில் ஓர் ஓரம் சிவப்பாக, சதை ஈரமாக இருக்கிறது. மறு ஓரத்தில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது, நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த மஞ்சள் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

“சிஸ்டரைக் கேளுங்க” என்றார்.

சிஸ்டர் அவசரத்தில் இருந்தாள், அடுத்த கட்டிலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டேன்.